எண்ணெய் ஆறுவதற்குள்

இடது இறக்கை இன்னும் இறங்கவில்லை.

மெக்கானிக் உச்சி வெயிலில் புல்வெட்டும் எந்திரத்தின் மேல் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில் வளரும் முரட்டுப் புல்லை வெட்டுகிற பெரிய எந்திரம் அது. முன்னால் ஒரு வெட்டுத்தட்டு, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி இரண்டு. ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம்தான் அவற்றைத் தூக்கிப் பிடித்திருக்கும்.

டிரைவர் சொன்ன புகார் ஒன்றே ஒன்றுதான்.

"மத்தியானத்துக்கு மேல, தூக்கி வச்சாலும் எடது பக்கம் தானா எறங்குது."

கல் பாவிய பாதையைக் கடக்கும்போது இறங்கினால் பிளேடு கல்லில் அடித்துச் சிதறும். விளையாட்டில்லை. ஆகவே புகார் வந்த ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் மறுநாள் காலையில் முதல் வேலையாக அதைச் சோதித்தான்.

இறக்கையைத் தூக்கி, அதைத் தாங்கும் சிலிண்டர் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தான். கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. குழாயில் கசிவு இல்லை. பிரஷர் கேஜின் முள், சமர்த்துப் பிள்ளையாக, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

ஒன்றுமில்லை என்று சொன்னான். ஒரு மத்தியானமாவது ஏறி ஓட்டிப் பார்க்கக் கூடாதா என்று டிரைவர் கேட்டார். அவனுக்குப் பட்டறையில் தலைக்கு மேல் வேலை.

கடைசித் தடவை, எல்லோரும் கூடியிருந்த டீ வேளையில், அவனுக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"மிஷினுக்கு ஒரு நோவும் இல்லப்பா. ஓட்டுற ஆளுக்குத்தான் மனப்பிராந்தி."

பட்டறையே சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை. சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனவர், அப்புறம் வேலைக்கு வரவே இல்லை.

புல் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. வேறு ஆள் அமையும் வரை ஓட்டுகிற வேலையையும் மேலாளர் மெக்கானிக்கின் தலையில் கட்டிவிட்டார்.

இத்தனை நாள் ரிப்பேர் பார்த்தவன், பட்டறை வாசலைத் தாண்டி அதை ஓட்டியதே இல்லை.

இருக்கை நன்றாக முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. பக்கத்தில் இருக்கும் பிடியை இழுத்தால் பின்னால் நகரும். அவன் இழுக்கவில்லை.

இறக்கையைத் தூக்கும் லீவரில், வெயிலில் கை சுடாமல் இருக்க, பூப்போட்ட துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தது.

கண்ணுக்கு எட்டிய வரை புல். பேச்சுத்துணைக்கு ஓர் ஈ, காக்கை இல்லை. தூரத்தில் நின்ற ஆட்டக்காரர் ஒருவர் சத்தம் தாங்காமல் முகத்தைச் சுளித்து, அப்பால் போ என்று கையை வீசினார். காலையிலிருந்து அவனிடம் ஒரு மனிதர் பேசியது அவ்வளவுதான்.

நாளெல்லாம் இப்படி இருந்துவிட்டுச் சாயங்காலம் பட்டறைக்கு வந்து ஒன்றைச் சொல்கிற ஆள், அதை எத்தனை தடவை தனக்குள்ளே சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார்.

ஏறும்போது, புகார் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தான். வெயில் ஏற ஏற மனசு மாறிவிட்டது. உண்மையாக இருந்தால், டிரைவரைக் கூப்பிட்டு, சொன்னது சரிதான் என்று சொல்லலாம். வெறுமனே கூப்பிட அவனுக்கு முகம் இல்லை.

தன் மூக்கு உடைய வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மெக்கானிக் ஊர் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வண்டியை நிறுத்தி எண்ணெய்த் தொட்டியைத் தொட்டான். தொட்ட வேகத்தில் கையை எடுத்தான்.

இரண்டு இறக்கைகளையும் தூக்கினான். எஞ்சினை அணைத்தான்.

வலது இறக்கை அசையவில்லை.

இடது இறக்கை, உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறவர் தலை மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. சாக்பீஸ் கோடு தேவைப்படவே இல்லை.

சிலிண்டருக்குள் எண்ணெயை அடைத்து நிறுத்தும் சீல் தேய்ந்திருக்கிறது. ஆறிய எண்ணெய் கெட்டி. தேய்ந்த சீலே அதைத் தாங்கிவிடும். கொதித்த எண்ணெய் இளகி இடுக்கில் வழிந்துவிடும். இந்தத் தொழிலில் பாலபாடம் இது. காலையில் பார்த்தால் எந்திரம் நன்றாகத்தான் இருக்கும்.

போனை எடுத்தான்.

வீட்டிலும் அவன் அப்படித்தான். ராத்திரி மனைவி பொறுக்க முடியாமல் எதையாவது சொல்லுவாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, காலையில் எழுந்து என்ன விஷயம் என்று கேட்பான். ஒன்றுமில்லை என்பாள். சரி, ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

எந்திரத்தின் சாவியை அவள் கொக்கியில் மாட்டிய அன்றைக்கே, வீட்டுச் சாவியையும் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். லீவரில் சுற்றியிருந்த துணிக்கு ஜோடியான தலையணை உறை இன்னும் அவன் கட்டிலில்தான் கிடக்கிறது.

மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டான். மறுபடியும் ஓய்ந்தது.

இடது இறக்கை முழுக்க இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டது.

சத்தத்தில் மணி கேட்காதே என்று போனைச் சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டான். எஞ்சினைக் கிளப்பி, முழங்கால் இடிக்க இடிக்க, வெட்டி முடித்த புல்லையே மறுபடியும் வெட்டத் தொடங்கினான்.

அவள் திருப்பிக் கூப்பிடும் வரை எண்ணெய் ஆறக் கூடாது.