ஹெட்கிளார்க் வீட்டுக் குப்பை

"இந்தக் குப்பையை எல்லாம் என்னைக்குத்தான் தூக்கிப் போடப் போறே?" என்று கேட்காமல் ஹெட்கிளார்க் ஒரு நாளும் ஆபீசுக்குக் கிளம்பியதில்லை.

குப்பை என்று அவர் சொன்னது மனைவியின் மேஜையை. வெட்டிய அட்டைகள், ரிப்பன் துண்டுகள், பத்து நிறத்தில் ஸ்டாம்ப் பேடுகள், ஒரு தகரப் பெட்டி நிறைய ரப்பர் ஸ்டாம்புகள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன மரக்கட்டை. தலையில் பூ, பறவை, வண்ணத்துப்பூச்சி என்று படம் ஒட்டியிருக்கும். அடியில் அதே உருவம் ரப்பரில் இருக்கும். அவற்றைக் குத்திக் குத்தி அவள் பிறந்தநாள் அட்டையும் கல்யாண அட்டையும் செய்வாள். ஞாயிறு மதியங்களில் வெளியே போய் நாலு பேருக்கு வகுப்பும் எடுப்பாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் செய்த ஒரு அட்டையைக்கூட ஹெட்கிளார்க் பிரித்துப் பார்த்தது கிடையாது.

"ஸ்டாம்புன்னா எங்க ஆபீஸ்ல குத்தறாங்களே, அது ஸ்டாம்பு. ஒரு குத்து விழுந்தா மூணு மாடி எழும்பும். நீ குத்தினா என்ன எழும்பும்? பூச்சி!"

அவர் வேலை பார்த்தது கட்டட அனுமதி அலுவலகத்தில். வீட்டில் இப்படிப் பீற்றிக்கொண்டாலும், மூணு மாடி எழுப்பும் அந்த முத்திரையைத் தொட்டுப் பார்க்கக்கூட அவருக்கு உரிமை இல்லை. அதிகாரி அதை இழுப்பறையில் பூட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்திருந்தார்.

ஆகவே நாலு ஞாயிற்றுக்கிழமை, மனைவி வகுப்புக்குப் போனதும், அவள் மேஜையிலேயே உட்கார்ந்து, அவள் கத்தியாலேயே, அவள் வாங்கி வைத்திருந்த ரப்பர் தகட்டிலேயே, அதிகாரியின் வட்ட முத்திரையை இடவலம் மாற்றிச் செதுக்கி முடித்தார். அந்த நாலு நாளும் மேஜை அவருக்குக் குப்பையாகத் தெரியவில்லை. அதிகாரியின் கையெழுத்தைப் போடுவது ஏற்கெனவே அவருக்குக் கைவந்த கலை.

செதுக்கியதை ஒளித்து வைக்க வேண்டுமே. அந்த இடத்தில்தான் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். பெட்டியிலிருந்து ஒரு வண்ணத்துப்பூச்சிக் கட்டையை எடுத்து, அடியிலிருந்த ரப்பர் பூச்சியைப் பிய்த்தெறிந்துவிட்டு முத்திரையை ஒட்டினார். மேலே பார்த்தால் பூச்சிதான். முந்நூறு கட்டைகளுக்கு நடுவே அதையும் போட்டு மூடினார்.

காசு வாங்கிக்கொண்டு அவர் குத்திக் கொடுத்த அனுமதியில் இரண்டு கட்டடங்கள் நல்லபடியாக எழும்பின. மூன்றாவதில் வந்தது வினை. தான் அனுமதியே தராத மாடி ஒன்று வளர்வதைப் பார்த்துவிட்டார் அதிகாரி. தாளை வாங்கிப் பார்த்தால் அவருடைய முத்திரை! விசாரணை கிளம்பியது. அகப்பட்டால் வேலையும் போகும், கம்பியும் எண்ண வேண்டும். ஊழியர்கள் எல்லார் வீட்டையும் சோதனை போட்டார்கள்.

ஹெட்கிளார்க் வீட்டுக்கு வந்த இரண்டு பேர் அலமாரி, மெத்தை, மாவு டப்பா வரைக்கும் குடைந்துவிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தார்கள். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"என்ன சார் இதெல்லாம்?"

"என் வீட்டுக்காரியோட பொம்மை விளையாட்டு சார். நாப்பத்தாறு வயசாச்சு, இன்னும் பூவும் பூச்சியும் குத்திக்கிட்டு இருக்கா. வேணும்னா பெட்டியோட எடுத்துட்டுப் போங்க, எனக்கு இடமாவது மிச்சம்."

இருவரும் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார். என்ன தேடுகிறார்கள் என்றே தெரியாமல் சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவிக்கு முகம் சுண்டிப்போனது. அதை யார் கவனித்தார்கள்? பெட்டியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுவாரம் அதிகாரிக்கு மாற்றல் வந்தது. ஹெட்கிளார்க்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிரிவுபசார விழாவுக்கு வெறுங்கையோடு போக முடியாது. கடையில் வாங்கவோ மனசு வரவில்லை.

"அவருக்கு உன் குப்பையில ஒண்ணு செஞ்சு குடு. ஆபீசுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும். பூவும் பூச்சியுமா குத்தி என் மானத்தை வாங்காதே."

அவரே வாய் திறந்து கேட்டுவிட்டாரே என்று அவள் இரண்டு நாள் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்தாள். முடித்து உறையில் போட்டு நீட்டினாள்.

"ஒரு தடவை பிரிச்சுப் பாருங்களேன்."

"பார்த்தா என்ன, பாக்காட்டி என்ன? காகிதம்தானே" என்று உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

விழாவில் அதிகாரி எழுந்து பேசினார். "உங்க வீட்டை எல்லாம் குடைஞ்சதுக்கு மன்னிக்கணும். அந்தத் திருட்டு முத்திரையைக் கண்டுபிடிக்காமப் போறேனேங்கறதுதான் எனக்கு ஒரே குறை."

எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் ஹெட்கிளார்க்தான். தட்டி முடித்து, வெளியே பெண்களோடு பேசிக்கொண்டிருந்த மனைவியை அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு உறையை நீட்டினார்.

அதிகாரி பிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், இந்தக் குப்பையை எப்படிப் புகழ்வதென்று தெரியாமல் மனுஷன் திண்டாடுகிறார் என்று ஹெட்கிளார்க் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"இந்த ஸ்டாம்ப் உங்களுக்கு எங்கேம்மா கிடைச்சது?"

அவளுக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை.

"எல்லாம் இவர் வேலைதான் சார். வாயாலதான் திட்டுவார். ஆபீசுக்கு ஏத்ததைத் தேடிப் பெட்டியைக் கொட்டினா, ரொம்ப நாளா நான் எடுக்காத வண்ணத்துப்பூச்சிக் கட்டையில, எனக்கே தெரியாம ஒட்டி வச்சிருக்கார். கடையில வாங்கினது இல்ல, என் ரப்பர்ல அவரே செதுக்கினது. உங்க அட்டைக்குன்னே!"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, மனைவி செய்த அட்டையை ஹெட்கிளார்க் எட்டிப் பார்த்தார்: பூவும் இல்லை, பூச்சியும் இல்லை, அவர் கேட்டுக்கொண்டபடியே ஆபீசுக்கு ஏற்ற மாதிரி, நான்கு மூலையிலும் தங்கப் பொடியில் புடைத்துக்கொண்டு பளபளத்தது அதிகாரியின் வட்ட முத்திரை.