ஏழு வராத கட்டம்

சுடோகு போட எனக்கும் சொல்லிக்கொடு என்று என் கணவர் குமரகுருபரன் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. தினமும் சாயங்காலம் பேப்பரை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். நிறைய எண்கள் இருக்கிற வரிசையை முதலில் பாருங்கள், அதில் இல்லாதது எது என்று தேடுங்கள், சந்தேகமாக இருந்தால் கட்டத்தின் மூலையில் பென்சிலால் சின்னதாகக் குறித்துவையுங்கள் என்று நானும் சலிக்காமல் சொல்வேன். அப்படியும் ஒரே வரிசையில் இரண்டு ஐந்தைப் போட்டுவிட்டு அசடு வழிவார். ரப்பரால் அழிப்பது என் வேலை.

இன்று காலை அவருடைய ஆபீஸ் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஒரு கத்தை பேப்பர்த் துண்டுகள், கிளிப் போட்டு. எல்லாமே ரொம்பக் கடினமான சுடோகு. பேனாவால் போட்டிருந்தது, ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை. பாதிக் கட்டங்களில் அவருடைய சாய்ந்த எழுத்து. மீதிப் பாதியில் உருண்டை உருண்டையாக வேறொரு கை. கடைசித் துண்டில் போன வருஷத்துத் தேதி.

பையைத் துவைக்காமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். ஒரு காலிக் கட்டத்தைத் தொட்டு, "இங்க என்ன வரும் பூங்கோதை?" என்றார். அதற்கு நேர் மேலே, இரண்டு கட்டம் தள்ளி, ஏழு அச்சிலேயே இருந்தது.

"ஏழு போடுங்க" என்றேன்.

பென்சில் அந்தரத்தில் நின்றது. அவர் கண் மேலே போய், அந்த ஏழைப் பார்த்துவிட்டு இறங்கியது. பிறகு என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்துக்கொண்டே, நிதானமாக ஏழு எழுதினார்.