அவசர வழி

பனியன் கம்பெனியின் பின்கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். திறந்து வைத்தால் துணி திருட்டுப் போகுமாம். போன மாதம் தீப்பிடித்தபோது, அந்தக் கதவைத் தட்டித் தட்டியே கோகிலா புகையில் மூச்சடைத்துச் செத்தாள். "கதவு இருக்கணும்னுதான சட்டம்? வச்சிருக்கோமே," என்றார் மேனேஜர் சபரிநாதன், இழவு வீட்டில் காபி குடித்துக்கொண்டே.

துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆய்வாளர் வந்த அன்று அதே கதவு விரியத் திறந்திருந்தது. மாவிலைத் தோரணம்கூடக் கட்டியிருந்தார்கள். கோகிலாவுக்குப் பக்கத்து மெஷினில் தைத்த துளசிமணி எழுந்தாள். அந்தக் கதவு வழியாக வெளியே போய் மண்ணில் உட்கார்ந்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக எல்லாப் பெண்களும் போய் அவளருகே உட்கார்ந்தார்கள்.

"தீ விபத்து ஒத்திகை," என்று மேனேஜர் ஆய்வாளரிடம் ஆங்கிலத்தில் அளந்தார். பிறகு பெண்களிடம், "போதும், உள்ள வாங்கம்மா," என்றார்.

"கதவக் கழட்டிப் போடுங்க சார். அப்பறம் வாரோமுங்க," என்றாள் துளசிமணி.

அவள் என்ன சொல்கிறாள் என்று ஆய்வாளர் கேட்டார்.

"கம்பெனிக்கு நன்றி சொல்கிறாள்," என்றார் மேனேஜர்.

ஆய்வாளர் உருகிப்போய் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். பெண்கள் யாரும் எழவில்லை.