பாதி ரொட்டி போதும்

“எனக்குப் பாதி ரொட்டி போதுங்க. மீதியை நீங்க எடுத்துக்குங்க.”

தையற்காரருக்குக் காதில் தேன் பாய்ந்தது. தீவுக்கு வந்த முதல் நாள் காலையிலேயே மனைவி இப்படி ஒத்துழைப்பாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் இருவரும் போகும் முதல் உல்லாசப் பயணம். வரும்போது மலிவான கப்பல். திரும்பும்போது எட்டுப் பேர் உட்காரும் குட்டி விமானம், மழைக்காலச் சலுகையில் பாதி விலை. டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தது அவருடைய தங்கை. அவர் கடையில் யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தங்கையும் மனைவியும் செல்போனை வைத்துக்கொண்டு கேட்ட விவரங்களையெல்லாம் நிரப்பி முடித்துவிட்டார்கள்.

மற்றச் செலவெல்லாம் அவருடைய ராஜ்ஜியம். கடற்கரை ஓட்டல்களை ஏறெடுத்தும் பார்க்காமல், மூன்று தெரு உள்ளே தள்ளி, ஒரு பேக்கரியின் மாடியில் அறை பிடித்திருந்தார். ஏசி கிடையாது. குடிதண்ணீர்கூடக் காய்ச்சி ஆறவைத்ததுதான்.

“படகுத்துறைக்கு வண்டி பிடிக்கட்டுமா?” என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தார்.

“எதுக்குங்க தண்டச் செலவு? நடந்தே போலாம். சுத்து வழியா போனா கடலையும் பார்த்த மாதிரி இருக்கும்.”

“இப்பத்தான் நீ என் பொண்டாட்டி!” என்று பூரித்துப்போனார்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றாள். காசு மிச்சம். இரண்டாம் நாள் காலையும் மதியமும் வெறும் பழம். அதற்கும் மகிழ்ந்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் கண் விழித்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். பதறியடித்துக்கொண்டு ஓடினார். கடற்கரையில், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரமணலில் மூச்சிரைக்க நடந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் கவனித்தார். அவள் போட்டிருந்தது அவரே தைத்த ரவிக்கை. கைப்பக்கம் லேசாகத் தொளதொளத்தது. கால் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண் அவருக்கு.

போன வருடம் ஒரு வாடிக்கைக்கார அம்மாள் இப்படித்தான் பசியில்லை, பசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வரும்போதெல்லாம் அளவு குறைந்துகொண்டே போனது. கடைசியாகத் தைத்த ரவிக்கையை வாங்கிப் போக அவள் வரவே இல்லை. அது இன்னும் கடை அலமாரியில்தான் இருக்கிறது.

“உடம்புக்கு என்ன பண்ணுது? மறைக்காம சொல்லு.”

“ஒண்ணுமில்லைங்க. பசிக்கலை, அவ்வளவுதான்.”

“கடலுக்கடியில மீன் காட்டுற கண்ணாடிப் படகுல ஏத்தலைன்னு கோபமா? வா, இப்பவே போலாம். காசு கிடக்குது.”

“அய்யோ, அதெல்லாம் இல்லைங்க.” கொஞ்சம் தயங்கினாள். “ஏங்க, திரும்பிப் போறப்பவும் கப்பல்லயே போயிடலாமா?”

“விமானத்துக்கா பயப்படறே? டிக்கெட்டுக் காசு திரும்ப வராதே, பரவாயில்லையா?”

அவள் பெருமூச்சு விட்டு, மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள்.

நான்காம் நாள் மத்தியானம் தையற்காரர் அதுவரை செய்யாததைச் செய்தார். மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கடற்கரையிலேயே பெரிய ஓட்டலுக்குள் நுழைந்தார். மெனு அட்டையின் விலைப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு வறுத்த மீன், சூப், சோறு, ஐஸ்கிரீம் என்று அடுக்கினார்.

“சாப்பிடு. நீ சாப்பிட்டாப் போதும் எனக்கு.” வந்த தட்டுகளை அவள் பக்கம் தள்ளினார். “நான் கஞ்சத்தனம் பண்ணது தப்புதான். அதுக்காக உடம்பை இப்படிப் போட்டு வதைக்காதே.”

அவளுக்கும் கண் கலங்கியது. மீனையே வெகுநேரம் பார்த்தாள். ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். பிறகு தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நாளைக்கு விமானம் ஏறினதும் நீங்க எதைக் குடுத்தாலும் சாப்பிடறேங்க. சத்தியமா.”

தன்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார். ஊருக்குப் போனதும் நேரே டாக்டர்தான், மிச்சம் பிடித்த பணம் மொத்தமும் வைத்தியத்துக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டார்.

விமான நிலையம் என்பது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேஜை, தரையில் ஓர் எடைப் பலகை. அங்கே உட்கார்ந்திருந்த பெண் முதலில் பைகளை நிறுத்துப் பார்த்தாள். சரியாக இருந்தன.

“இப்ப நீங்க ரெண்டு பேரும் ஒவ்வொருத்தரா ஏறுங்க. சின்ன விமானம் பாருங்க, ஆளையும் நிறுத்துதான் ஏத்துவோம்.”

தையற்காரர் ஏறினார்.

“எழுபத்தொண்ணு. டிக்கெட்ல எழுதினதுக்குச் சரியா இருக்கு. அடுத்து அம்மா.”

மனைவி செருப்பைக் கழற்றினாள். வளையல்களைக் கழற்றினாள். கைக்கடிகாரத்தையும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினாள்.

“அறுபத்தாறு! ஐம்பத்தெட்டுன்னு எழுதியிருக்கீங்களே? எட்டுக் கிலோவுக்குக் கூடுதலா பணம் கட்டணும்.”

தையற்காரர் நெஞ்சில் கை வைத்தார். “கூடவா இருக்கு? குறையலையா? அப்ப உன் உடம்புக்கு ஒண்ணுமில்லையா?”

அவள் தலையைக் குனிந்தபடி அவர் காதருகே வந்தாள்.

“டிக்கெட் போட்ட அன்னிக்கு உங்க தங்கச்சி, ‘நான் அறுபது அண்ணி, நீங்க எவ்வளவு?’ன்னு கேட்டாங்க. நான் வேற என்னங்க சொல்லியிருக்க முடியும்?”