கச்சான் அடித்த பகல்

மறுபடியும் விழுந்தார்.

மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியது. பலகை ஒரு பக்கம் கிடந்தது, பாய் ஒரு பக்கம் படுத்திருந்தது. தொப்பி காலையிலேயே போய்விட்டது. குதிகாலில் சிப்பி கிழித்த இடம் எரிந்தது.

இருமிக்கொண்டே பலகையில் ஏறி முட்டி போட்டார்.

மண்டபத்தின் தென்கடல். ஆனி மாதத்துக் கச்சான் காற்று, கடலிலிருந்து மணலை நோக்கி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வள்ளம் ஒன்றும் இறங்கவில்லை. கடலில் அவர் ஒருவர்தான்.

கரையிலிருந்து ஜெனிட்டா இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவருக்கு இந்தப் பாய்மரம் பூட்டிய பலகையை ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள்தான்.

"சார், போதும்! இன்னைக்குக் காத்து ரொம்ப சாஸ்தி!"

கேட்காததுபோல் இருந்துகொண்டார்.

மின்வாரியத்தில் கம்பம் ஏறிய ஆள். காற்று சாய்த்துவிட்டுப் போனதையெல்லாம் பின்னாலேயே போய் நிமிர்த்துவதுதான் வேலை. ஓய்வு பெறும்வரை காற்றைத் திட்டாத நாள் கிடையாது. அதற்கப்புறம் ஒருநாள் இந்தக் கரைப் பக்கம் வந்தார். ஜெனிட்டா பாயைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் மேல் பறப்பதைப் பார்த்தார். அன்றே சேர்ந்துவிட்டார்.

மனைவிக்கு இது பிடிக்கவே இல்லை.

இன்று அவளும் வந்திருந்தாள். வேடிக்கை பார்க்க அல்ல, கையோடு கூட்டிப்போக. நாளை மறுநாள் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டில் பந்தல்காரர் வந்து நிற்கிறார், இடம் காட்ட ஆளில்லை. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மணலில் நின்றாள்.

அவளைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றுதான் தோன்றியது.

இன்னும் ஒரே ஒரு தடவை.

எழுந்து நின்றார். கயிற்றை இழுத்துப் பாயைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். கம்பைப் பற்றினார். காற்று வெடுக்கென்று பிடுங்கியது. விடவில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்துக் காற்றின் மேலேயே உட்கார்ந்தார்.

பலகை நடுங்கியது.

பிறகு எழும்பியது.

அதுவரை தண்ணீரை உழுதுகொண்டிருந்தது, இப்போது தண்ணீரின் மேல் ஓடியது. அலைகள் காலுக்கடியில் தடதடத்துப் பின்னால் போயின. கையில் கனமே இல்லை. இத்தனை வருஷம் வாய் ஓயாமல் அவர் திட்டிய காற்று, அவரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கரையோரமாக ஓடியது.

சிரித்தார். சிரிப்பு போதவில்லை.

கத்தினார்.

கத்திய வேகத்தில் மேல்வரிசைப் பல்செட் கழன்று தெறித்தது. வெயிலில் ஒருமுறை பளிச்சிட்டுக் கடலில் விழுந்தது.

அதைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

அவ்வளவுதான். பாயும் அவரும் சேர்ந்து கவிழ்ந்தார்கள்.

இடுப்பளவு ஆழம். முங்கி முங்கித் தடவினார். ஜெனிட்டா ஓடிவந்து அவளும் முங்கினாள். கொஞ்ச நேரம் தேடிய பிறகுதான் கேட்டாள்.

"என்னத்த சார் தேடுறோம்?"

அவர் வாயைத் திறந்து காட்டினார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் முங்கினாள். தண்ணீருக்குள் போயும் தோள் குலுங்கியது.

ஒரு ஒற்றைச் செருப்பு கிடைத்தது. யாருடையதோ.

பல்செட் கிடைக்கவில்லை. புதிதாகச் செய்வதென்றால் ராமநாதபுரம் போய் அளவு கொடுத்து ஒரு வாரமாவது ஆகும். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலிருந்து வருகிறார்கள். நாலு பேருக்கு நடுவில் நின்று வரவேற்க வேண்டும், தட்டு மாற்ற வேண்டும்.

பலகையைத் தள்ளிக்கொண்டு கரைக்கு நடந்தார். குற்றவாளிபோல் தலையைக் குனிந்திருந்தார். குனிந்த முகத்தில் சிரிப்பு மட்டும் அடங்க மாட்டேனென்றது.

மனைவி எதிரே நின்றாள். கோபத்தில் தண்ணீருக்குள் இறங்கி வந்திருந்ததை அவளே கவனிக்கவில்லை. புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"பல்ஹெட்டு விழுந்துருச்சு" என்றார்.

அவள் அவர் வாயைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தாள்.

"என்னமோ கத்துனீங்களே. என்னது?"

யோசித்தார். கத்தியது ஞாபகமிருந்தது. என்ன கத்தினோம் என்று இப்போதுதான் தேட வேண்டியிருந்தது.

கிடைத்ததும் காது சூடாயிற்று.

கல்யாணமான புதிதில் அம்மா முன்னால் அவளை 'இந்தா' என்று கூப்பிட்டார். அம்மா போன பிறகும் அது மாறவில்லை. பிள்ளைகளிடம் பேசும்போது 'உங்கம்மா'. போனில் எடுத்த எடுப்பிலேயே 'நான்தான்'.

"எம்பேரு மாதிரி கேட்டுச்சு" என்றாள்.

காற்று கரையைப் பார்த்துத்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு எழுத்து சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும்.

"பூமயிலுன்னுதான் கூப்பிட்டாரு" என்றாள் ஜெனிட்டா, பாயை மணலில் இழுத்துப் போட்டபடி. "எனக்கே கேட்டுச்சே."

அவர் பலகையில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினார்.

பூமயில் காற்றில் முகத்தில் விழுந்த மயிரை ஒதுக்கினாள். மறுபடியும் விழுந்தது. விட்டுவிட்டாள்.

"சம்பந்தி வீட்ல நான் பேசிக்கிறேன். நீங்க வாயத் தொறக்காம நில்லுங்க, போதும்."

தலையாட்டினார்.

"பந்தல்காரரு நிக்கிறாரே" என்றார், சொல்லை மெதுவாக மென்று.

"நிக்கட்டும்."

திரும்பி, ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிக் கை காட்டினாள். நனைந்த புடவையோடு மணலில் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு ஜெனிட்டாவைக் கேட்டாள்.

"ஏம்மா, இந்தக் காத்து சாயங்காலம் வரைக்கும் அடிக்குமா?"