முப்பத்தோராவது கேள்வி

"முப்பத்தோராவது கேள்வி," என்றார் தலைவர் ஹார்லன், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு.

பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துக் கூடத்தில் அறுபது பேர் மடக்கு நாற்காலிகளில் நெளிந்தார்கள். வேட்டை, மீன்பிடி விதிகளுக்கு ஊர் மக்கள் வருடம் ஒருமுறை வாக்களிக்கும் கூட்டம் அது; மீனுக்கும் வாத்துக்கும் கரடிக்குமாக மாலை முழுக்கக் கை தூக்கி எல்லோருக்கும் தோள் வலித்தது.

"பொது வேட்டைக்காட்டுக்குள்ள இந்த ஜியோகேச் டப்பாவெல்லாம் இருக்கலாமா, கூடாதா? தீர்மானம் நம்ம வெண்டலோடது."

யாரோ ஒருவர் காட்டுக்குள் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் போடுவார். முன்பின் தெரியாதவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே வந்து அதைக் கண்டுபிடிப்பார்கள். உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டுப் போவார்கள். விளையாட்டு அவ்வளவுதான்.

பக்கத்திலிருந்த டுவேன், வெண்டலின் விலாவில் இடித்தார். "எழுந்து சொல்லுடா உன் மான் கதையை. எங்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. அந்த மூலையில இருக்கறவங்களும் கேட்கட்டும்."

மூலையில் டப்பா தேடுகிறவர்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வெண்டல் எழுந்து சொன்னார். போன நவம்பர். விடிந்து ஒரு மணி நேரம். மரத்தில் கட்டிய வேட்டைப் பரணுக்குக் கீழே, நாற்பது தப்படியில், கொம்பில் பத்துக் கிளையோடு ஒரு கலைமான். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் போனும் சிரிப்புமாக வந்தார்கள். மான் ஒரே பாய்ச்சலில் போய்விட்டது.

கூடம் உச்சுக்கொட்டியது.

கதை பொய்.

அந்த வேட்டைப் பருவம் முழுக்க அவர் மரத்தடிக்கு ஒருவரும் வரவில்லை. கால் விறைத்துப்போய்ப் பரணிலிருந்து இறங்கியபோது வழுக்கி, வேருக்கடியில் கிடந்த மரப்பட்டையை உதைத்துத் தள்ளினார். பட்டைக்கு அடியில் ஒரு பச்சை டப்பா இருந்தது. அப்போதுதான் நாற்பது தப்படியில் வந்து நின்ற மான் மிரண்டு ஓடியது, டப்பாவின் மூடியை அவர் திறந்த சத்தத்தில்தான்.

நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. அந்தக் கை ஒன்றாம் வகுப்பில் எழுதப் பழகிய நாளிலிருந்து அந்தக் கையெழுத்தை அவருக்குத் தெரியும்.

'மூன்று மணி நேரம் வாய் பேசாமல் உட்கார முடியும் என்று பன்னிரண்டு வயதில் இந்தப் பரணில்தான் எனக்குத் தெரிந்தது. கண்டுபிடித்தவர்கள் சத்தம் போடாமல் திரும்பிப் போங்கள். மேலே ஒருவர் இருப்பார். மார்னி.'

அடுத்த பக்கங்களில் இருபத்துமூன்று பேர் அவள் பேச்சைக் கேட்டிருந்தார்கள். 'சத்தம் போடவில்லை.' 'நாயை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.' 'இருமலை அடக்கிக்கொண்டேன்.'

மார்னி அவருடைய ஒரே மகள். ஆறு வருடத்துக்கு முன், நன்றித் திருநாள் விருந்தில், அவள் கட்டிக்கொள்ளப் போகிறவனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னார். முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனவள்தான். போனை எடுப்பதில்லை. கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. மில்வாக்கி நகரத்தில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் என்று அஞ்சலகத்தில் யாரோ சொன்னார்கள்.

அந்த மரம் அவர் வீட்டிலிருந்து இரண்டே மைல். டப்பா வைக்க அவ்வளவு தூரம் வந்தவள் அந்த இரண்டு மைல் வரவில்லை. அதற்குப் பிறகு மரத்தடிக்கும் வரவில்லை.

குளிர்காலம் முழுக்க வாரம் ஒருமுறை பனியில் நடந்து போய் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தார். மார்ச்சில் அவள் பெயர் ஈரத்தில் ஊறத் தொடங்கியது.

இப்போது மூலையிலிருந்து ஓய்வுபெற்ற பெவர்லி டீச்சர் எழுந்தார்.

"துப்பாக்கி இல்லாதவங்களுக்கும் அது காடுதானேப்பா? வெண்டல் சொல்றது நியாயம், நான் இல்லைங்கல. வேட்டைப் பருவத்துல மட்டும் வரக் கூடாதுன்னு போடுங்க. மீதி நாள் டப்பா அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

அதுவும் சரிதான் என்று இரண்டு மூன்று வரிசைகளில் தலைகள் ஆடின.

ஹார்லன் திரும்பிப் பார்த்தார். "மானை விட்டவன் நீ. நீயே சொல்லு வெண்டல். அது போதுமா?"

வெண்டல் தலையை ஆட்டினால் போதும், டப்பா பிழைத்துவிடும். நோட்டும், அந்த முதல் பக்கமும் வேருக்கடியிலேயே இருக்கும்.



"போதாது," என்றார்.

கூடாது என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது முதலில் எழுந்தது அவர் கைதான். ஹார்லன் இரண்டு முறை எண்ணினார். ஐம்பத்தொன்றுக்கு ஒன்பது.

"அப்போ விதியையும் படிச்சிடறேன். ஒண்ணு, புது டப்பா வைக்கக் கூடாது. ரெண்டு, இருக்கற டப்பாவோட சொந்தக்காரங்களுக்கு அந்த இணையத்தளம் மூலமா நாளைக்கே தகவல் போகும். மூணு, வச்சவங்களே முப்பது நாளுக்குள்ள நேர்ல வந்து எடுத்துட்டுப் போகணும்."

"பாவம், தூரத்துல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் டீச்சர். "அவங்களுக்கெல்லாம் நானே எடுத்து அஞ்சல்ல அனுப்பிடறேனே."

வெண்டல் எழுந்த வேகத்தில் அவருடைய நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கூடாது. வச்சவங்கதான் வரணும்."

"அடப்பாவி, ஒரு டப்பா மேல இவ்வளவு வன்மமா!" என்றார் டுவேன். கூடம் சிரித்தது. ஹார்லன் தோளைக் குலுக்கிவிட்டு அப்படியே குறித்துக்கொண்டார்.

முதல் இரண்டு விதிகளையும் வெண்டல் பக்கத்து ஊர்த் தீர்மானத்தைப் பார்த்து எழுதியிருந்தார். மூன்றாவதை மட்டும் ஜனவரியில், சமையலறை மேஜையில் தனியாக உட்கார்ந்து, நான்கு முறை அடித்துத் திருத்தி, அவரே எழுதினார்.