ஒன்றாம் தேதி பார்ட்டிஷன்

“புது மாசம் பொறந்தும் ஒரு தடங்கல் இல்லையே! எப்படிப்பா?”

மேனேஜர் அந்தப் புதுப் பையன் தோளைத் தட்டினார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

பின்னே, எரியாதா? இத்தனை வருடமாகக் கம்ப்யூட்டரில் அந்த டேட்டாபேஸ் டேபிளைக் கட்டி மேய்த்தவள் நான். ஆஸ்பத்திரியின் அத்தனை ரத்தப் பரிசோதனை முடிவுகளும் அதற்குள்தான் கிடக்கின்றன.

இவன் நேற்று வந்தவன். வந்த கையோடு டேபிளை மாதவாரியாகப் பிரித்துப் போட்டான். மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷன், தனித்தனி அறை மாதிரி. எந்த மாதத்து ரிசல்ட் வேண்டுமோ, அதை மட்டும் துழாவினால் போதும். டாக்டர்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்த ரிசல்ட், இப்போது கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது.

இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே!

அன்றிலிருந்து ஆபீஸில் அவனுக்குப் பெயரே மூளைக்காரன். நான் ஆசையோடு காத்திருந்த டீம் லீடர் பதவியும் அவனுக்குத்தான் என்று பேச்சு.

போன வாரம்தான் கவனித்தேன். மூளைக்காரன் அந்த மாதம் வரைக்கும்தான் பிரித்துப் போட்டிருந்தான். அடுத்த மாதத்துக்குப் பார்ட்டிஷனே இல்லை. ஒன்றாம் தேதி வரும் முதல் ரிசல்ட்டுக்குப் போக இடமிருக்காது. டேட்டாபேஸ் ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும். லேபே ஸ்தம்பித்துப் போகும்.

நான் மூச்சு விடவில்லை. மாட்டட்டும். அந்த டேபிளைத் தொட எங்கள் இருவருக்கு மட்டும்தான் அனுமதி. நான் ஏன் தொட வேண்டும்?

மேனேஜர் பதிலுக்குக் காத்திருந்தார். தான் மறந்தது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போல. முகம் வெளுத்தது. அவசரமாகத் திரையைப் பார்த்தான். புது மாதத்துப் பார்ட்டிஷன் அங்கே இருந்தது. காலையிலிருந்து வந்த ரிசல்ட்டெல்லாம் அதில் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தன.

நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

“அதெல்லாம் அன்னைக்கே யோசிச்சுப் போட்டுட்டேன் சார்.”

அடப்பாவி!

நேற்று சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், லேப் வாசலைத் தாண்ட முடியாமல் நின்றேன். பெஞ்சில் ஒரு அம்மா, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்கும் இப்படி யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே திரும்பி வந்து, புதுப் பார்ட்டிஷனுக்கான அந்த ஒரு வரியை டைப் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களாம்மா? இப்படி முன்யோசனை வேணும்.”

சரி சார் என்றேன்.

அவன் மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை.